ரயிலுக்கு எழும் ஊர்

கல்யாணமாகி ரம்புக்கனைக்குக் குடிவந்த முதல் வாரம், விடிவதற்கு வெகு முன்பே தேங்காய் துருவும் சத்தம் கேட்டு விழித்துக்கொண்டேன். ஒரு வீட்டில் அல்ல, சுற்றியிருந்த எல்லா வீடுகளிலும். ஜன்னலைத் திறந்து பார்த்தால் எல்லாக் குசினிகளிலும் விளக்கு எரிந்தது. நான் பிறந்த ரப்பர் தோட்டத்திலும் இருட்டோடுதான் எழுவோம். ஆனால் அங்கே வேலைக்கு ஆள் கூட்டும் பிரட்டுக் களத்து மணி அடித்து எழுப்பும். இங்கே யாரும் மணி அடிக்கவில்லை. ஊர் தானாகவே எழுந்துகொண்டது.

ஏதும் விசேஷமா என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் தூக்கக் கலக்கத்தில் சிரித்தார். "விசேஷம் ஒண்ணும் இல்ல. எல்லாரும் கோச்சியில கொழும்புக்கு வேலைக்குப் போறவங்க. அடுத்த மாசத்துல இருந்து நீயும் இப்படித்தான் எந்திரிக்கப் போற" என்றார்.

அவர் சொன்னது சரிதான். கொழும்பில் ஒரு தனியார் கம்பனியில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்திருந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலும் பிறகு கேகாலையிலும் படித்து, உயர்தரப் பரீட்சை முடித்து, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் டைப் அடிக்கப் பழகியிருந்தேன். அவர் ரப்பர் ஃபெக்டரியில் எலக்ட்ரீஷியனிடம் கையாளாக இருந்து தொழில் கற்றவர். இரண்டு பேருக்கும் ஒத்துவரும் ஊர் எது என்று யோசித்தபோது ரம்புக்கனைதான் தோன்றியது. அலுவலக ரயில் அங்கேதான் புறப்படுகிறது. புறப்படும் இடத்தில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். அவ்வளவு தூரம் நின்றுகொண்டு போவதையும் உட்கார்ந்து போவதையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு, ஒரு ஊரைத் தேர்ந்தெடுக்க அதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

ஹாட்வெயார் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானாவின் வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறைகள் வாடகைக்கு எடுத்தோம். நானாவின் கடையில் அப்போது ஆணி, சுண்ணாம்பு, மண்வெட்டி, கொஞ்சம் பெயின்ட், அவ்வளவுதான் இருக்கும். ஆனால் அவருக்கு ஊரின் மேல் பெரிய நம்பிக்கை. நாங்கள் சாமான்களை இறக்கிய அன்று அவர் என்னிடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "மகள், இது வளருற ஊரு. கோச்சி ஈக்கிற வரைக்கும் வளரும். நீங்க பாத்துக்கிட்டே இருங்க."

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினைந்து வருஷம்.

காலையில் என் வீட்டுக்காரர் சமைப்பார். நான் குளித்து முடிப்பதற்குள் சோறும் பருப்பும் ஒரு கறியும் பார்சலாகிவிடும். பிறகு சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு மிதிப்பார். எல்லா ஒழுங்கைகளிலிருந்தும் சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் வந்து பெரிய பாதையில் சேரும். இருட்டில் லைட்டுகள் மட்டும் தெரியும், எல்லாம் ஒரே பக்கம் நோக்கிப் போகும். ஸ்டேஷன் பக்கத்து வீடுகளில் முற்றத்தையே சைக்கிள் நிறுத்தும் இடமாக்கியிருந்தார்கள். பிளேன்டீக் கடைக்காரர் வாடிக்கையாளர் வருவதைத் தூரத்திலேயே கண்டு டீயை ஆற்றி வைத்திருப்பார். யாரும் ஓடமாட்டார்கள், யாரும் சோம்பவும் மாட்டார்கள்.

எங்கள் பெட்டியில் அவரவருக்கு ஓர் இடம் உண்டு. எழுதி வைத்ததல்ல. முதல் நாள் தெரியாமல் ஒருவருடைய இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பக்கத்தில் வந்து நின்ற விதத்திலேயே புரிந்துகொண்டு எழுந்தேன். அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்த ஒரு பெண் தன் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "நங்கி, இங்க வா" என்று சிங்களத்தில் கூப்பிட்டார். நங்கி என்றால் தங்கச்சி. அவர் கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரு வங்கியில் வேலை செய்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அன்றிலிருந்து அந்த இடம் என்னுடையதாயிற்று, அவர் எனக்கு அக்கா ஆனார். சிங்களத்திலும் அக்கா அக்காதான், அதனால் அந்தச் சொல்லுக்கு நான் மொழி பார்க்க வேண்டியிருக்கவில்லை.

மற்ற எல்லாவற்றுக்கும் பார்த்தேன். யுத்த காலம். கொழும்பில் குண்டு வெடித்த செய்தி வந்தால் மறுநாள் ரயிலில் யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். என் பெயர் இரண்டு மொழியிலும் செல்லும் பெயர். சிங்களம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தண்ணீர்பட்ட பாடு. தோட்டத்தைச் சுற்றி இருந்ததெல்லாம் சிங்களக் கிராமங்கள்தானே. ஆகவே ரயிலில் நான் சிங்களம் மட்டும் பேசினேன். வீட்டிலிருந்து வைத்துக்கொண்டு வரும் பொட்டை ஸ்டேஷன் வாசலில் கைலேஞ்சியால் துடைத்துவிடுவேன். யாரும் என்னிடம் நீ யார் என்று கேட்கவில்லை. நானும் பொய் சொல்லவில்லை. இப்படியே இரண்டு மூன்று வருஷம் போனது.

அந்தப் பெட்டி எனக்கு ஒரு பள்ளிக்கூடம் மாதிரி இருந்தது. மாலை திரும்பி வரும்போது பெண்கள் கோட்டையில் வாங்கிய போஞ்சிக்காயை மடியில் கொட்டி நார் உரித்துக்கொண்டே வருவார்கள். பொல்காவெலை தாண்டுவதற்குள் எல்லாம் நறுக்கிப் பையில் போட்டாகிவிடும். வீட்டுக்குப் போனதும் நேரே சட்டியில் போட வேண்டியதுதான். பிள்ளைகளின் பாடங்களை ரயிலிலேயே படித்துப் பார்த்து, வீட்டுக்குப் போய்ச் சொல்லிக் கொடுக்கும் தாய்மார் இருந்தார்கள். வீடு கட்டுபவர்கள் பிளானை முழங்காலில் விரித்து வைத்து, எந்தப் பக்கம் ஜன்னல் வைத்தால் வெயில் வரும் என்று பெட்டி முழுவதையும் கேட்பார்கள். ரம்புக்கனையின் பாதி வீடுகள் அந்த ரயிலில்தான் முதலில் கட்டப்பட்டன என்பேன்.

ஒரு நாள் காலை, மலைநாட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா எங்கள் பெட்டியில் ஏறினார். சேலைக் கட்டைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, தேயிலைத் தோட்டத்து அம்மா. ஒரு துணி மூட்டையைக் கதவோரத்து இருக்கைக்குக் கீழே தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தார். ரயில் புறப்பட்டுக் கொஞ்ச நேரத்தில் அவருக்கு வாந்தி வந்தது போலிருக்கிறது, வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த பெட்டிப் பக்கம் போய்விட்டார். அவர் போனதை நான் கவனித்தேன். மற்றவர்கள் கவனிக்கவில்லை.

சற்றைக்கெல்லாம் ஒருவர் அந்த மூட்டையைப் பார்த்து, இது யாருடையது என்று கேட்டார். சொன்னால் என் பக்கமும் கண் திரும்பும் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். இரண்டாம் முறை கேட்டபோது குரல் மாறியிருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து நகர்ந்தார்கள். ஒருவர் சங்கிலியை இழுக்கக் கையை உயர்த்தினார். அந்தச் சமயத்தில் அந்த அம்மா திரும்பி வந்தார். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அவரிடம் சிங்களத்தில் கேட்க, அவருக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. மூட்டையைத் தூக்கவும் பயந்து, விடவும் பயந்து, கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பேசாமல் நின்றதே அவர்களுடைய சந்தேகத்தைக் கூட்டியது.

நான் எழுந்தேன். எழுந்த பிறகுதான் எழுந்தது எனக்கே தெரிந்தது.

"அம்மா, இது உங்க மூட்டதானுங்களே? பயப்படாதீங்க. தொறந்து காட்டுங்க, நான் இவங்களுக்குச் சொல்றேன்."

என் தமிழைக் கேட்டுப் பெட்டி முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்த அம்மாவின் முகத்தில் வந்த மாற்றத்தை மட்டும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து முடிச்சை அவிழ்த்தார். உடுக்க ஒரு புதுச் சாரம், ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல், பழைய துணியில் சுற்றிய ரொட்டி, ஒரு கட்டுத் தேயிலைத் தூள். மகன் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிறான், வயிற்றில் ஆபரேஷன் செய்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், பார்க்கப் போகிறேன் என்றார். நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

சங்கிலிக்குக் கை உயர்த்தியவர் கையை இறக்கினார். வங்கி அக்கா எழுந்து வந்து மூட்டையைத் தானே கட்டி, அந்த அம்மாவைத் தன் இடத்தில் உட்கார வைத்தார். ஒருவர் எலுமிச்சம்பழம் கொடுத்தார். எந்த ஆஸ்பத்திரி, எந்த பஸ் என்று பெட்டியில் பெரிய ஆலோசனையே நடந்தது. கடைசியில் மருதானையில் இறங்கும் ஒரு தாதி, தானே கூட்டிப் போய் வார்டு வரை விடுவதாகச் சொன்னார்.

அக்கா அன்று கோட்டை வரை நின்றுகொண்டே வந்தார். நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இறங்கும்போது அவர் என் தோளில் கைவைத்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"நங்கி, எங்களுக்கு முதல் மாசமே தெரியும். ஸ்டேஷன் வாசல்ல நீ நெத்தியத் தொடைக்கிறத தினமும் பாக்குறோம். அவளா சொல்ற அன்னைக்குச் சொல்லட்டும்னு விட்டுட்டோம். நாளைக்கு வச்சிக்கிட்டே வா."

அலுவலகத்துக்குப் போய் முதல் வேலையாக முகம் கழுவினேன். அழுதேனா என்றால், அழுதேன்.

மறுநாள் பொட்டோடு ஏறினேன். காலையிலும் மாலையிலும் எல்லாம் வழக்கம்போலவே நடந்தது. போஞ்சிக்காய் உரித்தார்கள், பிளான் விரித்தார்கள். எனக்கு நேர் எதிரே தினமும் பத்திரிகை படித்துக்கொண்டு வரும் ஒரு பெரியவர் மட்டும் அன்றிலிருந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டார். அது எனக்கு வலித்தது. ஆனால் மற்ற எல்லாரும் இருந்தார்கள் என்பதையும் நான் எண்ணிப் பார்க்காமல் இல்லை.

ஊர் இதற்கிடையில் வளர்ந்துகொண்டிருந்தது. அந்த வளர்ச்சியை நான் என் வீட்டுக்காரர் வாயால் கேட்டேன். புதிதாக வந்த வீடுகளுக்கெல்லாம் வயரிங் செய்தவர் அவர். ஆரம்பத்தில் ஓர் அறைக்கு ஒரு பல்பு, ஒரு ப்ளக் பொயின்ட் கேட்டார்கள். பிறகு ஃப்ரிஜ்ஜுக்கு, வொஷிங் மெஷினுக்கு என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு சுடுதண்ணீர் வரும் குழாய்க்குக் கேட்டார்கள். கம்ப்யூட்டர் மேசைக்கென்று சுவரில் இடம் விடச் சொன்ன முதல் வீட்டைப் பற்றி அவர் ஒரு வாரம் பேசினார். பொறாமையாக அல்ல. தான் இழுத்த கம்பியில் ஓர் ஊர் வெளிச்சமாகிறது என்ற சந்தோஷத்தில். நானாவின் கடையில் சுண்ணாம்பு பின்னுக்குப் போய், தரை டைல்ஸ் முன்னுக்கு வந்தது. கண்ணாடிக் கதவு வைத்த சூப்பர் மார்க்கெட் வந்தது. வாசலில் பாட்டுப் போட்டுக்கொண்டு பேக்கரிப் பாண் கொண்டுவரும் த்ரீவீலர் வந்தது.

மகள் பிறந்து நான் லீவில் வீட்டில் இருந்தபோதுதான் இந்த ஊருக்கு ஒரு பகல் உண்டு என்பதையே கண்டேன். பகல் பன்னிரண்டு மணிக்குப் பெரிய பாதையில் ஆள் நடமாட்டம் கிடையாது. புதுப் புது மாடி வீடுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. யானைகளைப் பார்க்கப் போகும் வெள்ளைக்காரர்களின் வேன் மட்டும் போகும். மலையேறும் ரயிலுக்குப் பின்னால் இன்னோர் எஞ்சினைக் கோர்க்கும் சத்தம் வீடு வரை கேட்கும். இவ்வளவு அழகாகக் கட்டிய வீடுகளில் கட்டியவர்கள் ஒரு பகலும் இருப்பதில்லையே என்று எனக்கு முதலில் பாவமாக இருந்தது. நானாவின் மனைவியிடம், நாங்கள் ராத்தா என்று கூப்பிடும் அவரிடம், இதைச் சொன்னேன். பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே, இரவு ஏழு மணிக்கு வாசலுக்கு வந்து பாருங்கள் என்றார்.

பார்த்தேன். அந்த நேரத்தில் நான் எப்போதும் ரயிலிலிருந்து இறங்கும் கூட்டத்துக்குள்தான் இருந்திருக்கிறேன், வெளியே நின்று பார்த்ததில்லை. ரயில் வந்து நின்றதும் ஊர் நிறைந்தது. கடைகள், சலூன், டியூஷன் வகுப்பு, பேக்கரி, எல்லாம் அப்போதுதான் உயிர்பெற்றன. தகப்பன்மார் ஒரு கையில் பையும் மறு கையில் பிள்ளையுமாக டியூஷன் வாசலில் நின்றார்கள். களைத்த முகங்கள்தான். ஆனால் ஒருவரும் நேரே வீட்டுக்குப் போய்ப் படுக்கவில்லை. வாரத்தில் ஐந்து நாள் வெளிச்சத்தைக் கொழும்புக்குக் கொடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் இவர்கள் ஒரு ஊரையே நடத்துகிறார்கள் என்று தோன்றியது. அன்றைக்குத்தான் இந்த ஊர் மேல் எனக்கு மரியாதை வந்தது.

சில வருஷம் கழித்து, ஊருக்கு வெளியே ஒரு பழைய ரப்பர் தோட்டத்தின் துண்டை வெட்டிச் சுத்தம் செய்து, வீட்டுக் காணிகளாகப் பிரித்து விற்றார்கள். வங்கி அக்காதான் ரயிலில் சொன்னார். அவரும் ஒரு துண்டு பார்த்திருந்தார். போய்ப் பார்த்தபோது எனக்கு இடம் தெரிந்தது. நான் பிறந்த தோட்டத்தின் கடைசி டிவிஷன் அது. தன் கல்யாணத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் என் அம்மா ரப்பர் பால் வெட்டியது அந்த மலையில்தான்.

வாங்குவதா வேண்டாமா என்று எனக்கு மனம் ஓடவில்லை. அம்மாவைக் கூட்டி வந்து காட்டினேன். அப்போது அவர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், என் அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். மரம் போய்விட்டதே என்று வருத்தப்படுவார், அட்டை கடித்ததையும் மழையையும் சொல்லி அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் காணியை ஒரு சுற்றுச் சுற்றினார். கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருந்த எல்லையில் நின்றார்.

"வாசல் கேட்டு எங்கன வைப்பீங்க?" என்றார்.

இன்னும் யோசிக்கவில்லை என்றேன்.

"மொதல்ல அதை யோசிங்க. லயத்துல எனக்கு எல்லாம் இருந்துச்சு, கேட்டு மட்டும் இல்ல. யாரு வேணும்னாலும் வாசல்ல வந்து நின்னு சத்தம் போடலாம். நமக்குன்னு ஒரு கேட்டு இருந்தா, வர்றவன் தட்டிட்டு நிப்பான்ல."

காணியை வாங்கினோம். வீடு எழும்ப நாளெடுத்தது. ஹாட்வெயார் நானா பெற்ற பிள்ளைகளைப் போல எங்களைத் தாங்கினார். வயரிங்கை வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் தானே செய்தார், ஊரில் வேறெந்த வீட்டுக்கும் செய்யாத அளவு மெதுவாக, ஒவ்வொரு சுவிட்சையும் போட்டுப் போட்டுப் பார்த்து. கேட்டைத்தான் முதலில் வைத்தோம். பால் காய்ச்சிய அன்று எங்கள் பெட்டி முழுவதும் வந்திருந்தது. வேறு பெட்டிக்குப் போய்விட்ட அந்தப் பெரியவரும் வந்திருந்தார். அக்கா கூட்டி வந்திருக்க வேண்டும். பெரியவர் நேரே என்னிடம் வந்தார். ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார், பால்சோறு சாப்பிட்டார், போனார். அடுத்த திங்கட்கிழமை எங்கள் பெட்டியில் ஏறிப் பத்திரிகையை விரித்தார்.

அக்காவின் வீடு எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி. எங்கள் ஒழுங்கையில் நாங்கள்தான் ஒரே தமிழ்க் குடும்பம். தண்ணீர்க் குழாய் வருவதற்கும், பாதைக்குக் கொங்கிரீட் போடுவதற்கும், சாவு வீட்டுக்கு உதவும் மரணாதார சங்கம் தொடங்குவதற்கும் கூட்டம் போட்டபோதெல்லாம் எங்கள் ஹோலில்தான் போட்டார்கள். மற்ற வீடுகளை விட எங்கள் வீட்டில் வெளிச்சம் நல்லா இருக்கிறதாம்.

யுத்தத்தின் கடைசி வருஷங்களில் அரசாங்க உத்தியோகத்தர்கள் மற்ற மொழியையும் படித்துப் பரீட்சை எழுத வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. எங்கள் ஒழுங்கையில் அரசாங்க வேலைக்காரர்கள் நிறையப் பேர். ஒரு நாள் மாலை ரயிலில் அக்கா, பெட்டி முழுவதற்கும் கேட்கும்படி என்னிடம் கேட்டார், ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்க முடியுமா என்று. அவர் வங்கிக்காரர், அவருக்கு அந்தப் பரீட்சை கிடையாது. ஆனால் முதல் பெயராகத் தன் பெயரைக் கொடுத்தார்.

அப்படித்தான் எங்கள் ஹோலில் வகுப்புத் தொடங்கியது. பிள்ளைகளை டியூஷனில் விட்டுவிட்டுத் தாய் தகப்பன்மார் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். கொப்பியில் "அ" எழுத நாக்கைக் கடித்துக்கொண்டு சிரமப்படுவார்கள். திங்கட்கிழமை ரயிலில், போகிற வழியில் வரும் தமிழ்ப் பெயர்ப்பலகைகளை எழுத்துக்கூட்டி வாசிப்பார்கள். பத்திரிகைப் பெரியவருக்கு "ழ" மட்டும் வரவே இல்லை. என்னிடமும் அது அவ்வளவு சுத்தமாக வராது என்று சொன்னேன். தோட்டத்தில் நாங்கள் வாழைப்பழத்தை வாளப்பளம் என்றுதான் சொல்வோம். அதைக் கேட்டு அவருக்குப் பெரிய நிம்மதி.

யுத்தம் முடிந்த பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா தோட்டத்திலிருந்து வந்திருந்தார். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கேட்டைத் திறந்து, திரும்பக் கவனமாகக் கொளுக்கி போட்டு, உள்ளே வந்தார். கொப்பியும் பேனையுமாக இத்தனை பேர் உட்கார்ந்திருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். பெரியவர் எழுந்து நின்றார். புத்தகத்தில் படித்ததை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"வணக்கம் அம்மா. நீங்கள் உணவு உண்டு விட்டீர்களா?"

அம்மா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு சரளமான சிங்களத்தில், சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் மாத்தயா, நீங்கள் உட்கார்ந்து படியுங்கள் என்று சொல்லிவிட்டு, எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்றக் குசினிக்குள் போனார்.